சபைக்குத் திட்டம் போடுறது விசுவாசக் குறைவா?

தங்கச்சி, உங்கட கேள்விய ரெண்டு தரம் வாசிச்சனான். வெள்ளவத்தைப் பக்கம் நூற்றிருபது குடும்பம் இருக்கிற ஒரு தமிழ்ச் சபை, நீங்கள் புதுசா செயலாளரா வந்திருக்கிறீங்கள், ட்ரஷரர் அஞ்சு வருசத் திட்டம் எழுதிக்கொண்டு வாங்கோ எண்டுறார், பாஸ்டர் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் எண்டு ஆண்டவரே சொல்லியிருக்கிறார், பிறகென்ன திட்டம்" எண்டுறார். 2019, 2020, 2022, இப்ப 2025 புயல் எண்டு ஒவ்வொரு தரமும் போட்ட திட்டமெல்லாம் குப்பைக்குப் போனதால, திட்டம் போடுறதே வீணோ, இல்லாட்டி விசுவாசக் குறைவோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

நான் போதகர் இல்ல. கணக்கு வேலை பாத்து ரிட்டயர் ஆன ஆள். தெஹிவளையில ஒரு சின்னச் சபையில இருவது வருசத்துக்கு மேல ட்ரஷரரா இருந்து போன வருசம்தான் இன்னொருத்தரிட்டக் குடுத்தனான். அதால என்ர பதில்ல பிரசங்கம் குறைவாவும் காசு, சாவி, கையெழுத்து எண்டு கொஞ்சம் கூடவாவும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்னைக் கேட்டால் உங்கட ட்ரஷரரும் பிழை, பாஸ்டரும் பிழை. ட்ரஷரர் கேக்கிறது 2029ல கிறிஸ்மஸ் கரோல் எந்தக் கிழமை, மேல்மாடி எப்ப கட்டுறது எண்ட மாதிரி ஒரு நிகழ்ச்சி நிரல். உதை ஆராலயும் எழுத ஏலும், எழுதி ஃபைல்ல வைக்கவும் ஏலும், அவ்வளவுதான். பாஸ்டர் சொல்லுற வசனம் கவலைய வேண்டாம் எண்டுது, யோசிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல. அதே ஆண்டவர்தான் லூக்கா 14ல கோபுரம் கட்டப் போறவன் முதல்ல உக்காந்து செலவுக் கணக்குப் பாக்க மாட்டானா எண்டு கேட்டவர். உக்காந்து எண்ட சொல்ல நான் பாஸ்டர்மாருக்கு அடிக்கடி காட்டுறனான், நிண்டுகொண்டு முடிவெடுக்கிற பழக்கம் அவைக்கு. நீங்கள் எழுதவேண்டிய திட்டம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் காணும்: பாஸ்டரையும் உங்களையும் ஒருத்தராலயும் பிடிக்க ஏலாத ஒரு நாள் வந்தால், சபையில ஆர் என்ன செய்யிறது?

ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், 2019 ஏப்ரல் 21 எங்களுக்கு நடந்தது அதுதான். உயிர்த்த ஞாயிறு, கோயில் நிறைஞ்ச சனம், காலம எட்டே முக்கால் போல கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல குண்டு வெடிச்சிட்டுது, பிறகு நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக் கோயில், ஹோட்டலுகள், மட்டக்களப்பு சியோன் சபை எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா செய்தி வருது. எங்கட பாஸ்டர் பிரசங்க மேடையில, அவருக்கு ஒண்டும் தெரியாது, கீழ இருந்த ஆக்கள் எல்லாற்ற போனும் ஒரே நேரத்தில அதிருது. ஆராதனைய நிப்பாட்டுறதா, சனத்த வீட்ட அனுப்புறதா, கதவைப் பூட்டி உள்ளுக்க வச்சிருக்கிறதா, பின் ஹோல்ல இருக்கிற சண்டே ஸ்கூல் பிள்ளையள ஆர் கூட்டிவாறது, கமிட்டியில பதினொரு பேர் இருந்தம், ஒருத்தருக்கும் தெரியேல்ல. பதினொரு பேரும் பாஸ்டற்ற முகத்தப் பாத்துக்கொண்டு நிண்டம். பிறகு ஒரு நர்ஸ் அக்கா, கமிட்டியில இல்லாத ஆள், எழும்பி பிள்ளையள முதல்ல அவையவையின்ர அம்மா அப்பாவிட்டக் குடுங்கோ, கூட்டமா ஒண்டா வெளிய போகவேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா பின் கேற்றால போங்கோ எண்டு சொன்னா. அவ சொன்னதத்தான் எல்லாரும் செய்தது. அண்டைக்கே ஊரடங்கு, ஃபேஸ்புக் வாட்ஸப் எல்லாத்தையும் அரசாங்கம் முடக்கிவிட்டுது, ஆர் வீட்ட போய்ச் சேந்தது ஆர் சேரேல்ல எண்டு அறிய எங்களிட்ட ஒரு ஃபோன் நம்பர் லிஸ்ட் கூட ஒழுங்கா இல்ல, இருந்த லிஸ்ட்டும் ஒருத்தற்ற லப்டொப்புக்க.

அந்த வருசத்துக்கு எங்களிட்ட நல்ல வடிவான திட்டம் ஒண்டு இருந்தது, கலர்ல பிரின்ட் அடிச்சது.

மட்டக்களப்பு சியோன் சபையில வாசல்ல வச்சு ஒரு சகோதரர் பெரிய பையோட வந்த அந்நியன உள்ளுக்க விடாமக் கதைச்சு மறிச்சிருக்கிறார், அதில அவற்ற உயிரும் போச்சு, பிள்ளையள் கனபேர் அங்க செத்தினம், ஆனால் அவன் உள்ளுக்க போயிருந்தால் எத்தினை பேர் எண்டு நினைச்சுப் பாக்க ஏலாது. அவருக்கு ஒருத்தரும் அந்த வேலைய எழுதிக் குடுத்திருக்க மாட்டினம். தலைமைத்துவம் எண்டு நாங்க செமினார் வைச்சுப் படிக்கிறது ஒண்டு, அண்டைக்கு வாசல்ல நிண்டது இன்னொண்டு.

இனி இந்த வாக்குத்தத்த வசன விசயம். கோவிக்காதேங்கோ. டிசம்பர் 31 இரவு ஆராதனையில வருசத்துக்கு ஒரு வசனம் குடுப்பம்தானே, கார்ட் அடிச்சு ஃப்ரிஜ்ஜில ஒட்டுறது. எரேமியா 29:11தான் அதில ராஜா, சமாதானத்துக்கான நினைவுகள், எதிர்பாத்திருக்கும் முடிவு. நல்ல வசனம். ஆனால் அதுக்கு முன்னால 10ம் வசனத்தில எழுபது வருசம் எண்டு கிடக்கிறத ஒருத்தரும் கார்ட்ல அடிக்கிறதில்ல. பாபிலோனுக்குப் பிடிச்சுக்கொண்டு போன சனத்துக்கு எழுதின கடிதம் அது. முந்தின அதிகாரத்தில அனனியா எண்ட தீர்க்கதரிசி ரெண்டு வருசத்தில எல்லாம் சரிவரும், ஆலயத்துச் சாமான் எல்லாம் திரும்பி வரும் எண்டு சொல்லுறான். எரேமியாவும் ஆமென், அப்பிடியே நடக்கட்டும் எண்டுதான் முதல்ல சொல்லுறார், அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கு பாருங்கோ. பிறகு வந்த சொல் வேற. அதால 29:5-7ல அவர் எழுதினது வீட்டைக் கட்டிக் குடியிருங்கோ, தோட்டம் போடுங்கோ, கலியாணம் செய்யுங்கோ, இருக்கிற பட்டணத்தின்ர நன்மையத் தேடுங்கோ எண்டு.

2022 பொருளாதார நெருக்கடி நேரம் கொழும்பில எத்தினை அனனியா இருந்தவை எண்டு எனக்குத் தெரியும். "ஆறு மாசத்தில நாடு மாறும்" எண்டு மேடையில சொன்னவை. பெற்றோல் லைன்ல ராத்திரி முழுக்க நிண்டவனுக்கு அது இனிக்கும்தான். ஆறு மாசம் போய் டொலர் 360 ரூபாவில நிக்கேக்க அந்தச் சனம் பாஸ்டரையும் நம்பேல்ல, ஆண்டவரையும் நம்பேல்ல. எப்ப முடியும் எண்டு தெரியாது, ஆனால் இந்த மூண்டு மாசத்துக்கு நாங்க இதைச் செய்வம், மூண்டு மாசத்தால திரும்பவும் கூடிக் கதைப்பம் எண்டு நேர சொன்ன சபையளில சனம் நிண்டுது, நான் பாத்தனான். யாக்கோபு நிருபத்தில வாற "ஆண்டவருக்குச் சித்தமானால்" எண்டுறது இதுதான், எங்கட ஆக்கள் அதை நோட்டீஸ் அடியில எழுதுற அலங்காரமா வச்சிருக்கினம்.

இப்ப நான் சொல்லப் போற ஆளைக் கேட்டு எங்கட புரொட்டஸ்தாந்து ஆக்கள் முகம் சுளிப்பினம், பரவாயில்ல. நிச்சயமில்லாத காலத்தில சபை நடத்துறது எப்பிடி எண்டு இந்த நாட்டில படிக்கவேண்டிய ஆள் யோசேப் வாஸ் எண்ட கத்தோலிக்கக் குரு. 1656ல ஒல்லாந்தர் கொழும்பைப் பிடிச்சவை, 1658ல யாழ்ப்பாணம். கத்தோலிக்க குருமாரை விரட்டி, அவைக்கு இடம் குடுக்கிறவைக்கும் தண்டனை எண்டு சட்டம் போட்டினம். கிட்டத்தட்ட முப்பது வருசம் ஒழுங்கா ஒரு குருவானவர் இல்ல. 1687ல வாஸ் அடிகளார் கோவாவில இருந்து கூலியாள் வேசத்தில யாழ்ப்பாணம் வந்து இறங்கினவர். வந்த உடன நோய், சாப்பாடில்ல, ஆர் கத்தோலிக்கர் எண்டே தெரியாது. கழுத்தில செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சை எடுத்த மாதிரித் திரிஞ்சு, அதைப் பாத்து ஆற்ற முகம் மாறுது எண்டு பாத்துத்தான் ஆக்களக் கண்டுபிடிச்சவர் எண்டு சொல்லுவினம். பகல்ல ஒளிஞ்சு, இரவில பூசை. பிறகு ஒல்லாந்தற்ற கை எட்டாத கண்டி ராச்சியத்துக்குப் போனார், அங்க 1692ல போர்த்துக்கேய உளவாளி எண்டு பிடிச்சு அடைச்சு வச்சினம். மறியல்ல இருந்து சிங்களம் படிச்சிருக்கிறார் மனுசன். 1697ல கண்டியில அம்மை நோய் பரவினபோது எல்லாரும் ஓட, அவர் நிண்டு நோயாளியளப் பாத்தவர், அதுக்குப் பிறகு அரசன்ர மரியாதை இன்னும் கூடினது.

எனக்கு அவற்றில பிடிச்ச விசயம் ஆனால் அது இல்ல. ஒரு ஊருக்கு வந்தால் திரும்ப எப்ப வருவார் எண்டு அவருக்கே தெரியாது, ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. அதால ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவி எண்டு பொதுநிலை ஆக்களிட்டப் பொறுப்பக் குடுத்து வச்சவர். ஞாயிறு செபம் நடத்துறது, பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறது, சாகக் கிடக்கிற ஆளுக்குப் பக்கத்தில இருக்கிறது எல்லாம் அவை. பிறகு கோவாவில இருந்து வேற குருமாரை வருவிச்சார், அதில ஒருத்தர் 1705ல வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ், தமிழிலயும் சிங்களத்திலயும் புத்தகம் புத்தகமா எழுதினவர், குரு இல்லாத இடத்துக்கும் அந்தப் புத்தகம் போகும்தானே. ஆயர் பதவி தேடி வந்தும் வேண்டாம் எண்டிட்டார். 1711ல வாஸ் கண்டியில செத்துப்போனார், பிறகும் ஒல்லாந்தர் 1796 மட்டும் கொழும்பில இருந்தவை, சபை அழியேல்ல. 2015 ஜனவரி 14 காலிமுகத்திடல்ல பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் குடுக்கேக்க நானும் அந்தச் சனத்துக்க நிண்டனான், என்ர மாமி கத்தோலிக்கம், அவவைக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு. கொழும்பு வூல்வெண்டாலில 1757ல திறந்த அந்தப் பெரிய ஒல்லாந்தக் கோயில நாங்க பெருமையாக் காட்டுறம், அதைக் கட்டினவைதான் இவரைத் துரத்தினவையும். சரி, கதைய விட்டு வெளிய போறன்.

உங்கட சபையில அண்ணாவி ஆர்? இதை எழுதுங்கோ முதல்ல. ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பேர், அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருக்கக் கூடாது, ஒரே வருசம் கனடாவுக்கு அப்ளை பண்ணியிருக்கவும் கூடாது. சிரிப்பாத்தான் இருக்கும், ஆனால் எங்கட சபையில 2022, 2023 எண்ட ரெண்டு வருசத்துக்க பாட்டுக் குழுத் தலைவர், சண்டே ஸ்கூல் பொறுப்பு, சவுண்ட் சிஸ்டம் பாக்கிற பொடியன் மூண்டு பேரும் போயிட்டினம், சவுண்ட் மிக்சர்ல எந்த வயர் எங்க போகுது எண்டு மெல்பேர்னுக்குக் கோல் எடுத்துக் கேட்டனாங்கள்.

கையெழுத்து விசயம் இன்னும் மோசம். 2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு போட்டாங்கள், கொழும்பில ரெண்டு மாசத்துக்கு மேல இழுத்தது. எங்கட செக்கில ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்டு என்ரது, மற்றது மகளைப் பாக்க லண்டன் போய் அங்கயே மாட்டுப்பட்ட ஒரு ஐயா. பாங்கில காசு கிடக்குது, கோயில் கூட்டுற அம்மாவுக்குச் சம்பளம் குடுக்க ஏலாது. நாளாந்தம் உழைச்சுச் சாப்பிடுற பன்னிரண்டு குடும்பம் எங்கட சபையில, அவைக்கு அரிசி பருப்பு வாங்க என்ர சொந்தக் காசையும் இன்னும் ரெண்டு பேரிட்டக் கைமாத்தும் வாங்கித்தான் சமாளிச்சனாங்கள். பிழை ஆற்ற? என்ரதான். மூண்டாவது கையெழுத்து ஒண்டு சேக்கவேணும் எண்டு ரெண்டு வருசமா மினிட்ஸில கிடந்தது.

காசப் பற்றி இன்னொரு ஒப்புதல் வாக்குமூலம். 2021ல கூரை மாத்தக் காசு சேத்து வச்சிருந்தம், கமிட்டி தகட்டை வாங்கிப் போடுவம் எண்டது, நான்தான் வட்டி வருது, கொஞ்சம் பொறுங்கோ எண்டு பாங்கில எஃப்டில, அதுதான் நிலையான வைப்பில, போட்டனான், அஞ்சோ ஆறோ வீதம். 2022ல என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும், பெற்றோல் லீற்றர் 177ல இருந்து 470, கொழும்பில விலைவாசி செப்டெம்பர்ல ஒரு வருசத்துக்கு முந்தினதோட பாத்தால் எழுபது வீதத்துக்குக் கிட்டக் கூடிப் போச்சு. சேத்த காசுக்கு அரைக் கூரைதான் வந்தது. மற்றப் பக்கம் ரெண்டு வருசம் மழைக்கு வாளி வச்சம். ஆகவே சேமிப்பு எண்டால் காசு மட்டும்தான் எண்டு நினைக்காதேங்கோ, எப்பிடியும் வாங்கத்தான் வேணும் எண்ட சாமானக் காலத்தோட வாங்கி வைக்கிறதும் சேமிப்புத்தான். கைக்கு உடன வாற மாதிரி மூண்டு மாசச் செலவு, அதுக்கு மேல ஒரு மூண்டு மாசம் வேற வேற திகதியில முடியிற எஃப்டியா, இதுக்குக் குறைய வேண்டாம். பிறகு, காணிக்கை கால்வாசி விழுந்தால் எதை நிப்பாட்டுறது, அரைவாசி விழுந்தால் எதை நிப்பாட்டுறது எண்டு இப்பவே, ஒருத்தரும் அழாத நேரத்தில, எழுதி வையுங்கோ. எதை எண்டைக்கும் நிப்பாட்டுறதில்ல எண்டும் எழுதுங்கோ. நாங்க எழுதினது ரெண்டே ரெண்டு, கோயில் கூட்டுற அம்மான்ர சம்பளமும் ஏழையள் நிதியும். பாஸ்டற்ற சம்பளம் அதில இல்லையா எண்டு அவர் கேட்டார், நான் பேசாம இருந்தனான்.

இந்த இடத்தில எல்லாரும் ஆதியாகமத்து யோசேப்பைச் சொல்லுவினம், ஏழு வருசம் நல்ல விளைச்சல், ஏழு வருசம் பஞ்சம். சரிதான். ஆனால் அந்தக் கதையில ரெண்டு விசயத்த ஆரும் பிரசங்கிக்கிறதில்ல. ஒண்டு, அவர் தானியத்த ஒரு இடத்தில குவிக்கேல்ல, அந்தந்தப் பட்டணத்தச் சுத்தி விளைஞ்சத அந்தந்தப் பட்டணத்திலயே வச்சார், 41:48 பாருங்கோ. உங்கட சபைக்கும் இது பொருந்தும், எல்லாம் வெள்ளவத்தையில ஒரு அலுமாரிக்க இருந்தால் ஊரடங்குக்கு கொட்டாஞ்சேனையில இருக்கிற குடும்பத்துக்கு அதால என்ன பிரயோசனம். மற்றது 47ம் அதிகாரம். பஞ்சம் முடியேக்க சனத்தின்ர காசு, மாடு, காணி, கடைசியில அவையே பார்வோனுக்கு அடிமை. அவசரத்துக்கு எண்டு மேல போன அதிகாரம் கீழ இறங்கேல்ல. இந்த நாட்டில அவசரகாலச் சட்டத்தோட வளந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல. கொரோனா நேரம் கமிட்டி கூட ஏலாது எண்டு பாஸ்டரும் ரெண்டு பேருமா முடிவெடுக்கத் தொடங்கின சபையளில, இண்டைக்கும் அந்த மூண்டு பேர்தான் முடிவெடுக்கினம், போய்ப் பாருங்கோ. அதால அவசர முடிவு எடுக்கிற ஆக்கள் ஆர் எண்டு எழுதேக்க, அந்த அதிகாரம் எத்தினை நாளைக்கு எண்டும் எழுதுங்கோ. முப்பது நாள், அதோட கமிட்டி சூமிலயாவது கூடவேணும். உங்கட பாஸ்டர் இதுக்கு மூஞ்சையக் காட்டுவார், விடாதேங்கோ.

திட்டத்த மாத்தவேண்டி வந்தால் வெக்கப்படாதேங்கோ. பவுல் கொரிந்துவுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டதுக்கு அங்க இருந்தவை இவர் ஆம் எண்டுவார் பிறகு இல்லை எண்டுவார் எண்டு கதைச்சிருக்கினம், ரெண்டாம் கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தில அவர் அதுக்கு விளக்கம் எழுதுறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலன், எனக்கு ஆவியானவர் சொன்னார் எண்டு ஒரு வரியில முடிச்சிருக்கலாம், இருந்து ஏன் வரேல்ல எண்டு காரணம் சொல்லுறார். ஸ்பானியாவுக்குப் போகவேணும் எண்டு ரோமருக்கு எழுதினவர், ரோமாவுக்கே கைதியாத்தான் போய்ச் சேந்தவர். எங்கட சபையளில முடிவு மாறினால் காரணம் வாறதில்ல, வாட்ஸப் குரூப்பில ரெண்டு கும்பிடு இமோஜியோட ஒரு வரிதான் வரும், பிறகு மிச்சத்த சனம் தானாக் கதை கட்டும்.

கடைசியாச் சாவி. 2025 நவம்பர் டிட்வா புயல் நேரம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் தண்ணி. எங்கட கிளைச் சபை ஒண்டு அங்க கொஞ்சம் மேடான இடத்தில, பெரிய ஹோல், ரெண்டு டொய்லட், தண்ணித் தாங்கி எல்லாம் இருக்கு. சனம் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு கேற்றடியில நிக்குது, சாவி வச்சிருந்த அண்ணை கலியாண வீட்டுக்குக் கண்டி போய் றோட்டெல்லாம் மண்சரிஞ்சு வர ஏலாம மாட்டுப்பட்டுக் கிடக்கிறார், போனும் வேலை செய்யேல்ல. ஒரு மணித்தியாலம் போல மழைக்குள்ள நிண்டு, கடைசியில முன் ரோட்டுச் சிங்கள ஐயா ஒருத்தர் அலவாங்கோட வந்து பூட்டை உடைச்சுத் திறந்துவிட்டார். அண்டிரவு அறுவது எழுவது பேர் படுத்தவை, எங்கட ஆக்கள் அதில பத்துப் பேர் வராது. இப்ப அந்த ஹோலுக்கு மூண்டு சாவி. ஒண்டு கண்டி போன அண்ணையிட்ட, ஒண்டு பக்கத்து ஒழுங்கையில இருக்கிற ஒரு டீச்சரிட்ட, மற்றது அந்த அலவாங்கு ஐயாவிட்ட. அவருக்குக் குடுக்கிறதா எண்டு கமிட்டியில முக்கால் மணித்தியாலம் கதைச்சம், புதுப் பூட்டு வாங்க எடுத்த நேரம் அஞ்சு நிமிசம்.

நீங்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகேக்க மேல சொன்ன எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, பயந்து போவினம். செக்கில ஆற்ற கையெழுத்து, சாவி எத்தினை, ஃபோன் நம்பர் லிஸ்ட் கடதாசியில இருக்கா, காணி உறுதி எங்க இருக்கு, இந்த நாலையும் மட்டும் கேளுங்கோ. எரேமியா முற்றுகைக்க கிடக்கிற ஊர்ல பதினேழு சேக்கல் குடுத்துக் காணி வாங்கி, உறுதிய மண்பானையில போட்டு வை எண்டு தன்ர எழுத்தர் பாருக்கிட்டக் குடுத்தவர், கனகாலம் இருக்கவேணுமெண்டு. உங்கட உறுதி பாஸ்டர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழ இருக்கு எண்டு பதில் வந்தால் எனக்கு ஒருக்கா எழுதுங்கோ, எங்கடதும் அங்கதான் இருந்தது.